வெள்ளைப் பனியனும் மானின் கண்ணும்

திருப்பூரில் சாயத்தொழிலோடு சம்பந்தமுள்ள எவரைக் கேட்டாலும், நிறம் என்பது துணியில் மட்டும் இருப்பதன்று, துணியும் வெளிச்சமும் பார்ப்பவன் கண்ணும் கூடித் தீர்மானிக்கும் ஒரு விவகாரம் என்ற உண்மையை, பௌதிக சாஸ்திரத்தின் வாசனையே அறியாதவராயினும், தம் தொழில் அனுபவத்திலிருந்தே எடுத்துச் சொல்லிவிடுவார். வெளிநாட்டு வியாபாரி அனுப்பிய மாதிரித் துண்டையும், பட்டறையில் சாயமேற்றிய ‘லேப் டிப்’ துண்டையும் பகல் வெளிச்சத்துக்கு ஒப்பான விளக்கின் கீழ் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒரே ஷேடு என்று திருப்தியடைந்த பிறகு, அவற்றையே கடைகளில் எரியும் குழல்விளக்கின் கீழ் மாற்றி வைத்தால், ஒன்று சற்றே பசுமையேறியும் மற்றொன்று சற்றே சிவப்பேறியும் நின்று, அதுவரை பட்ட பிரயாசையையெல்லாம் வீணாக்கிவிடுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆகவே எந்த விளக்கின் கீழே, யாருடைய கண்ணுக்கு என்று கேளாமல், ‘இது என்ன நிறம்’ என்று மட்டும் கேட்பவனைத் திருப்பூர்க்காரர் சற்று இரக்கத்தோடுதான் பார்ப்பார்.

அத்தகைய பரிசோதனைக்கூடம் ஒன்றில் ஷேடு பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், சில வருஷங்களுக்கு முன், நான் நஞ்சராயன் குளத்தில் எடுத்து வந்த படங்களைப் புரட்டிப் பார்த்து, அவற்றிற் பெரும்பாலானவை பறந்து போகும் வாத்துக்களின் வாற்புறமாகவே இருப்பதைக் கவனித்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னை அழைத்துப் போய்க் கலர் மேட்சிங் பெட்டியின் முன்னே நிறுத்தினார். பகல் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை மட்டும் ஏற்றினார். நான் அணிந்திருந்த புதிய அரைக்கைப் பனியன், அந்த இருட்டில், நிலவை நறுக்கித் தைத்தாற்போல நீலம் பூத்து ஒளிவிட்டது. அதன் பக்கத்தில் அவர் பிடித்துக் காட்டிய பல்லடத்துக் காடாத் துணியோ வெறும் நிழலாய்க் கிடந்தது. “இத்தனை வெளிச்சத்தை மேல போட்டுக்கிட்டுப் போனா வாத்து உக்காந்திருக்குமாங்க?” என்றார். வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆயினும், காட்டு ஜீவராசிகளைப் படம் பிடிக்கும் கலையின் பாதி சாஸ்திரம் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு நாளடைவில் தெரிந்தது. ஏனெனில் காட்டில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் படம் பிடிப்பவனுடைய கண், கேமராவின் கண், மிருகத்தின் கண் என்று மூன்று கண்கள் ஒரே வெளிச்சத்தை மூன்று விதமாகக் கண்டுகொண்டிருக்கின்றன. இவற்றுள் முதல் இரண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், மூன்றாவதைப் பற்றி விசாரிப்பதே இல்லை.

பனியனிலிருந்தே தொடங்கலாம். பருத்தி இயல்பில் தூய வெள்ளையன்று. அந்த நாருக்கு இளமஞ்சள் சாயல் ஒன்று உண்டு. சலவைப்பட்டறையில் பெராக்சைடு கொண்டு வெளுத்த பின்னும் அதன் சுவடு முழுவதும் போவதில்லை. மஞ்சளாய்த் தோன்றுவதென்றால், தன்மேல் விழும் வெளிச்சத்தில் நீலக் கிரணங்களில் ஒரு பகுதியைத் துணி விழுங்கிவிடுகிறது என்று பொருள். நம் பாட்டிமார் வேட்டிக்கு நீலம் போட்டது, விழுங்கப்பட்ட நீலத்தை மீட்பதற்கன்று. மற்ற நிறங்களையும் அதே அளவுக்குக் குறைத்துச் சமன் செய்வதற்கே. சமன் ஆகும், ஆனால் மொத்த வெளிச்சம் குறையும். இந்தக் கழித்தற் கணக்கைக் கூட்டற் கணக்காக மாற்ற வழி காட்டியவர், 1929-இல், குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் பட்டையிலிருந்து கிடைக்கும் எஸ்குலின் என்ற பொருளைத் துணியில் ஏற்றிப் பார்த்த ஜெர்மானிய ரசாயன நிபுணர் பால் கிரைஸ். நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கிரணத்தை அப்பொருள் வாங்கிக்கொண்டு, அதனையே நம் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக மாற்றித் திருப்பித் தருகிறது. இன்று ‘டினோபால்’ என்று பொதுப்பெயராகவே வழங்கிவிட்ட வெளுப்பேற்றிகள் யாவும் இந்தத் தத்துவத்தில் இயங்குபவை: சுமார் 340 முதல் 370 நானோமீட்டர் அலைநீளமுள்ள கிரணத்தை உண்டு, 420 முதல் 470 நானோமீட்டர் அளவிலுள்ள நீலத்தை உமிழ்பவை. ஆகவே திருப்பூரின் மிக வெள்ளையான பனியன், தன்மேல் விழுந்த புலனாகும் ஒளியைக் காட்டிலும் சற்று அதிகமாகவே ஒளியைத் திருப்பி அனுப்ப வல்லது. ‘வெள்ளையை விட வெள்ளை’ என்று விளம்பரக்காரர்கள் கூவுவதில், அபூர்வமாக, கொஞ்சம் வாஸ்தவமும் இருக்கிறது.

பட்டறையில் ஏற்றியது போதாதென்று வீட்டிலும் ஏற்றுகிறோம். சலவைத்தூள்களிற் பலவற்றிலும் இதே சரக்குக் கலந்திருப்பதால், காட்டுக்கென்று இலையும் கொடியும் அச்சிட்ட பச்சை உடுப்பை விலை கொடுத்து வாங்கியவர், அதை நாலு முறை சலவை செய்வதற்குள் அதன்மேல் ஒரு நீலப் படலத்தைத் தம் கையாலேயே பூசிவிட்டிருப்பார். நம் கண்ணுக்கு அது பச்சையாகவே இருக்கும். ஆனால் நாம் அங்கே நம் கண்ணை ஏமாற்றப் போகவில்லையே.

மானின் கண்ணுக்கு வருவோம். மனித விழித்திரையில் நிறத்தை அறியும் கூம்பணுக்கள் மூன்று வகை. நீலம், பச்சை, சிவப்பு என்று அவற்றை நாம் உத்தேசமாகப் பெயரிட்டு அழைக்கிறோம். மானுக்கு இரண்டே வகை. 1994-இல் அமெரிக்காவில் வெண்வால் மானையும் ஃபாலோ மானையும் மயக்கத்தில் ஆழ்த்தி, அவற்றின் விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளந்து பார்த்தவர்கள், ஒருவகைக் கூம்பணு 450 முதல் 460 நானோமீட்டர் அளவிலுள்ள நீலத்துக்கும், மற்றொருவகை 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கும் மிகுதியாக இசைகின்றன என்றும், செந்நிறத்துக்கென்று தனியே ஓர் அணு இல்லையென்றும் நிர்ணயித்தார்கள். நம் புள்ளிமானும் கடமானும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கண்ணும் அவ்வாறே அமைந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. இதனோடு இன்னொரு விசேஷத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனிதக் கண்ணின் வில்லை புற ஊதாக் கிரணத்தை வடிகட்டி நிறுத்திவிடுகிறது. மான் முதலிய பல பாலூட்டிகளின் வில்லை அதில் ஒரு பகுதியை உள்ளே விடுகிறது. வெளுப்பேற்றி உமிழும் நீலம் மானின் நீலக் கூம்பணு விரும்பும் நீலத்திலேயே போய் விழுகிறது. விடியலிலும் அந்தியிலும், சூரியனின் நேர்க்கிரணம் இல்லாமல் வானத்தின் நீல வெளிச்சமே ஓங்கி நிற்கும் கருக்கலில், நம் பனியன் சுற்றியுள்ள இலைகளுக்கும் மண்ணுக்கும் ஒவ்வாத ஒரு பிரகாசத்தோடு அதன் கண்ணில் தெரியக்கூடும். அந்தக் கருக்கலில்தான் மானும் மேய வருகிறது, நாமும் படம் பிடிக்கப் போகிறோம்.

மான் செந்நிறத்தை அறியாது என்றதும் புலியின் ஞாபகம் வராதிருக்காது. அத்தனை பெரிய பிராணி, பச்சைக் காட்டின் நடுவே, செம்மஞ்சள் போர்வையோடு ஒளிந்து வாழ்கிறது என்பது நமக்கு விந்தையாகத் தோன்றுவதற்குக் காரணம் நம் மூன்றாவது கூம்பணுவே. பாலூட்டிகளின் ரோமத்துக்கு நிறம் தரும் மெலனின் வகைகளைக் கொண்டு கறுப்பும் பழுப்பும் செம்மஞ்சளும் உண்டாக்கலாமேயன்றிப் பச்சையை உண்டாக்க இயலாது. புலிக்குப் பச்சைச் சாயம் கிடைக்கவில்லை. ஆனால் அதன் இரைக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் கண் கிடைக்கவில்லை. இரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று ஈடாயின. 2019-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார், இருநிறக் கண்ணுக்கு ஒரு காட்சி எப்படித் தோன்றும் என்பதைக் கணினியில் அமைத்துப் பார்த்து, அத்தகைய கண்ணுக்குப் புலியின் செம்மஞ்சள் காட்டின் பச்சையோடு கலந்து மறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். திருப்பூர் மொழியில் சொல்வதானால், புலியும் புல்லும் மானுடைய கண்ணுக்கு ஒரே ஷேடு. நம்முடைய கண்ணுக்குத்தான் மேட்ச் ஆகவில்லை. பூனைக் குடும்பத்தின் கண்ணும் பெரும்பாலும் இருநிறக் கண்ணே என்பதால், புலி தன்னுடைய செம்மையைத் தானே கண்டதில்லை என்றும் சொல்லலாம்.

இந்த நாடகத்தில் மூன்றாவது பாத்திரம் ஒன்று உண்டு. மரக்கிளையிலே வால் தொங்க அமர்ந்திருக்கும் சாம்பல் மந்தி, ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் யாவற்றையும் போல, நம்மைப் போன்ற மும்மைநிறக் கண் படைத்தது. மானுக்குப் புல்லாய்த் தெரிவது மந்திக்குச் செம்மஞ்சளாய்த் தெரியும். போதாக்குறைக்கு அது உயரத்திலும் இருக்கிறது. அது குரைப்பது போல எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கேட்டுக் கீழே மேயும் புள்ளிமான்கள் தலை நிமிர்வதையும், மந்தி உதிர்த்த தழையைத் தின்பதற்காக மான்கள் அந்த மரத்தடியையே நாடுவதையும் காட்டோடு பழகியவர்கள் நெடுநாளாக அறிவார்கள். அனுபவமுள்ள படப்பிடிப்பாளர், புலியைத் தேடிக் கண்ணைச் செலவழிக்காமல், மந்தியின் குரலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

திருப்பூர் ஜில்லா என்றவுடன் தறியும் தையல் யந்திரமும் நினைவுக்கு வருகின்றனவே தவிர, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கீழ்ப்பகுதி இந்த ஜில்லாவைச் சேர்ந்தது என்பது இங்குள்ளவர்களிலேயே பலருக்கு நினைவில் நிற்பதில்லை. 1976-இல் சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த வனத்தின் உடுமலைப்பேட்டை, அமராவதி சரகங்கள், தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவுகள் வாங்கிக்கொண்ட பிறகு மிஞ்சும் காற்றை மட்டும் பெறும் மழைமறைவு நிலம். ஆகவே அங்கே காடு என்பது வால்பாறைப் பக்கத்துச் சோலைக்காடு போல ஈரம் சொட்டும் இருளன்று. முள்ளும் உலர்ந்த புல்லும், ஆற்றோரத்தில் மட்டும் அடர்ந்து நிற்கும் மருதமும், கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெள்ளெலும்பாய் நிற்கும் மரங்களுமான திறந்த காடு. உடுமலையிலிருந்து மூணாற்றுக்குப் போகும் சாலை இதன் ஊடே ஏறி, ஒன்பதாறு சோதனைச்சாவடியைக் கடந்து, கேரளத்துச் சின்னார் சரணாலயத்துக்குள் புகுகிறது. சாம்பல் நிற மலையணிலும் நட்சத்திர ஆமையும் வாழும் அப்பிரதேசத்தில், வண்டியை நிறுத்தி இறங்குவதற்கு வனத்துறை இடங்கொடுப்பதில்லை. இறங்காமலிருப்பதே நமக்கும் நல்லது, யானைக்கும் நல்லது.

நிலத்தோற்றத்தைப் படம் பிடிக்க விரும்புகிறவருக்கு இந்த உலர்ந்த மலையடிவாரம் ஒரு பாடசாலை. சூரியன் உச்சியிலிருக்கும்போது ஒளி நம்மை வந்தடைவதற்குக் கடக்கும் காற்றுமண்டலத்தைப் போல, அடிவானத்திலிருக்கும்போது சுமார் 38 மடங்கு கனமுள்ள காற்றைக் கடந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பு ஒளியைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும் இயல்புடையன. ஆகவே நீலமெல்லாம் வழியிலே இறைந்து வானமாகிவிட, எஞ்சிய பொன்னிறம் மட்டும் அமராவதி நீர்த்தேக்கத்தின் மேல் சாய்ந்து வந்து விழுகிறது. நிழல்களை நோக்குங்கால் அவை கறுப்பாக இல்லை, நீலமாக இருக்கின்றன. சூரியனுடைய நேர்வெளிச்சம் எட்டாத இடத்துக்கு வானம் தன் வெளிச்சத்தை வழங்குகிறது. நம் மூளை இதைக் கவனிக்க விடாமல் நிழலிலுள்ள பாறையையும் வெயிலிலுள்ள பாறையையும் ஒரே பழுப்பாகக் காட்டிச் சமாதானம் செய்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எந்த விளக்கின் கீழ் நிற்கிறோம் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பகல் விளக்குக்கும் குழல்விளக்குக்கும் பொத்தானை மாற்றும் என் நண்பருக்கு இதை விளக்க எனக்கு அரை நிமிஷமே ஆயிற்று.

கேமராவின் கண் தொடக்கத்தில் மானினும் குறைபட்ட கண்ணாகவே இருந்தது. வெள்ளி உப்புப் பூசிய ஆதிகாலத்துத் தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. பச்சை வயலும் சிவப்புச் சேலையும் அவற்றுக்கு இருட்டு. வானமோ வெறும் வெள்ளை. 1873-இல் பெர்லின் நகரத்து ஹெர்மன் வோகல், சில சாயப்பொருள்களைத் தகட்டிலே கலந்தால், அந்தச் சாயம் விழுங்கும் நிறத்துக்கும் தகடு வசமாகிறது என்று கண்டுபிடித்தார். நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த அந்தச் சாயங்களின் வம்சந்தான் பின்னாளில் திருப்பூர்த் தொட்டிகளிலும் வந்து இறங்கியது. துணிக்கு நிறமூட்டப் பிறந்த ரசாயனம் குருட்டுத் தகட்டுக்குக் கண் திறந்துவிட்ட கதை, நான் அறிந்த வரையில், சாயத்தொழிலாளர் யாருக்கும் சொல்லப்படாதது, சொன்னால் பெருமைப்படுவார்கள். 1906 வாக்கில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்துவிட்டன.

அவ்வாறு எல்லா நிறங்களையும் உணர்ந்து, அவற்றைக் கறுப்பிலும் வெள்ளையிலும் மட்டும் எழுதிக் காட்டும் ஃபிலிமையே தம் ஆயுள் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திர’த்தை எழுதிய அ. மாதவையாவின் புதல்வராக 1912-இல் பிறந்த அவர், 1950 முதல் 1996-இல் காலமாகும் வரையில் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதிவந்ததோடு, தமிழிலும் அழகிய கட்டுரைகள் வரைந்தார்; பத்மஸ்ரீ விருதும் பெற்றார். பல கருவிகளின் உறுப்புக்களைத் தாமே கூட்டிப் பொருத்திய ஒரு கனத்த கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று விளையாட்டாய்ப் பெயர் வைத்துக்கொண்டு, கால்நடையாகவும், பழக்கிய யானையின் மேலிருந்தும், காட்டு யானைகளை அவர் எடுத்த படங்களைக் காண்பவர்கள், தோலின் சுருக்கமும் அதில் ஒட்டிய மண்ணும் வரையில் அந்தப் பிராணியை அறிந்துகொள்ளலாம். வண்ணம் வந்த பிறகும் அவர் வண்ணத்துக்கு மாறாததைப் பிடிவாதம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு வேறு அபிப்பிராயம். மானுடைய கண்ணில் புலி எவ்வாறு தெரியும் என்று அறிய வேண்டுமானால், வண்ணப் படத்தைக் காட்டிலும் நல்ல கறுப்புவெள்ளைப் படமே உதவும். செம்மஞ்சள் என்ற நம் கண்ணின் சலுகை நீங்கி, நிழற்கோடும் ஒளிக்கோடுமாய்ப் புல்லுக்குள்ளே கரைந்து நிற்கும் உருவம் மட்டுமே அதில் எஞ்சுகிறது.

இன்றைய கேமராவின் கண் சிலிக்கன். 1976-இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயர் என்பவரின் ஏற்பாட்டின்படி, அதன் நுண்கட்டங்களில் பாதியைப் பச்சை வடிகட்டியும், கால் பங்கைச் சிவப்பும், கால் பங்கை நீலமும் மூடியிருக்கின்றன. மனிதக் கண் பச்சையில் அதிகம் கூர்மையுடையது என்பதே அந்தப் பாரபட்சத்துக்குக் காரணம். அதாவது கேமரா உலகத்தைப் பார்ப்பதில்லை. நாம் பார்க்கிறாற்போலப் பார்க்கும்படி அது பழக்கப்பட்டிருக்கிறது. சிலிக்கனுக்கு இயல்பில் நாம் காணாத அகச்சிவப்பும் தெரியும். அதை மறைப்பதற்கென்றே ஒரு கண்ணாடியை முன்னே வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை நீக்கிவிட்டால் இருளில் பார்க்கும் கண் கிடைக்கிறது. வனத்துறையார் மரத்திற் கட்டி வைக்கும் தானியங்கிக் கேமராவின் கண் அதுவே.

தானியங்கி என்ற எண்ணம் நம் தேசத்தில் நூறு வருஷத்துக்குப் பழையது. ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், துப்பாக்கியை வெறுத்து, புலி நடக்கும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி, அது இடறியவுடன் மக்னீசியப் பொடி பற்றி ஒளிவிட, கேமரா தானே இயங்கும்படி செய்து, இரவிலே தன்னிச்சையாகச் சஞ்சரிக்கும் புலியின் படங்களை எடுத்தார், 1925 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் அவை வெளியாயின, 1927-இல் நூலாயிற்று. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அவருக்கு, ஒரு புலியின் வரியைப் போல இன்னொரு புலியின் வரி இல்லை என்பதும் விளங்கியது. கம்பிக்குப் பதிலாக இப்போது உஷ்ணத்தை உணரும் ஒரு சில்லு இருக்கிறது. உயிருள்ள உடம்பு சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் எப்போதும் வெப்பக் கிரணத்தை வீசிக்கொண்டிருப்பதால், சூழலினும் சூடான ஒன்று குறுக்கே நகர்ந்தவுடன் சில்லின் இரு பாதிகளுக்கும் இடையே மின்பேதம் உண்டாகிக் கேமரா விழிக்கிறது. சித்திரை நடுப்பகலில், பாறையும் மண்ணும் காற்றும் மிருகத்தின் உடம்புச் சூட்டை எட்டிவிடும் மழைமறைவுக் காடுகளில், இந்தப் பேதம் மங்கி, மாடு போன்ற காட்டெருது குறுக்கே போனாலும் யந்திரம் தூங்கிவிடக்கூடும். இரவில் அதற்கு இந்தச் சங்கடம் இல்லை. 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கை அது ஏற்றும்போது, நம் கண்ணுக்கு அங்கே விளக்கு எரிந்ததாகவே தெரியாது.

சாம்பியன் கண்ட வரியின் தனித்தன்மையைக் கணக்குக்குக் கொண்டுவந்தவர் கர்நாடகத்தின் உல்லாஸ் காரந்த். நாகரஹொளேயில் அவர் செய்த ஆராய்ச்சி 1995-இல் வெளியாயிற்று. அதன் அடிப்படை எளிது. முதல் முறை 20 புலிகள் படத்தில் விழுகின்றன. இரண்டாம் முறை 25 விழுகின்றன. அந்த 25-இல் 10 புலிகள் முன்பே விழுந்தவை. இரண்டாம் முறை வந்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு பழைய முகங்கள் என்றால், முதலில் கண்ட 20-ம் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்காகவே இருக்க வேண்டும், மொத்தம் 50. மெய்யான கணக்கு இதனினும் சிக்கலானது. கூச்சமுள்ள புலி, தடத்தை விட்டு விலகி நடக்கும் புலி, எல்லை தாண்டிப் போகும் புலி இவற்றுக்கெல்லாம் திருத்தம் உண்டு. 2018-19-ஆம் வருஷத்து அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டு, 3,48,58,623 படங்கள் விழுந்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. இத்தனையையும் பிரித்து, 2,461 புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். மானின் கண்ணை ஏமாற்ற ஏற்பட்ட வரி, கேமராவின் கண்ணுக்குக் கையொப்பமாயிற்று.

மறுபடி நஞ்சராயன் குளத்துக்கு வருகிறேன். நொய்யல் நதி சாயம் சுமந்து ஓடியதும், கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரிக்கும் வரை சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் ஊரறிந்த கதை. அத்தகைய ஊரின் ஓரத்தில், ஊத்துக்குளி சாலையை அடுத்துச் சர்க்கார் பெரியபாளையத்தில், நல்லாற்று நீரை நம்பிக் கிடக்கும் சுமார் 126 ஹெக்டேர் குளம் ஒன்று, 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது என்றால், வெளியூர் நண்பர்கள் நம்புவதற்குச் சற்றுத் தாமதிக்கிறார்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நாமக்கோழியும் அங்கே சாதாரணம். பனிக்காலத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஆண்டி வாத்தும் வடதேசங்களிலிருந்து வருகின்றன. தூரத்துக் காட்டுக்குப் போக வசதியில்லாதவன் மூன்றாவது கண்ணைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிடத் தகுந்த இடமில்லை.

பறவையின் கண் மானின் கண்ணைப் போலக் குறைபட்டதன்று. நம் கண்ணே அதன்முன் குறைபட்டது. அதற்குக் கூம்பணுக்கள் நான்கு வகை. நான்காவது வகை, பறவைக்குப் பறவை எல்லை மாறினும், ஊதாவையும் அதற்கப்பாலுள்ள புற ஊதாவையும் உணர்கிறது. வெள்ளை இறகுகளிற் பல புற ஊதாவையும் சேர்த்தே பிரதிபலிக்கின்றன. வெளுப்பேற்றிய பனியனோ அதை விழுங்கிவிடுகிறது. நமக்குக் கொக்கும் பனியனும் ஒரே வெள்ளை. பறவைக்கு ஒன்று வெள்ளை, மற்றொன்று நம்மிடம் பெயரில்லாத ஏதோ ஒரு நிறம். கரையிலே வந்து நிற்கும் மயிலின் கழுத்தைக் காட்டி, ‘இந்த நீலத்தில் சாயமே கிடையாது, இறகிலுள்ள மெலனின் குச்சிகள், ஒளியின் அலைநீளத்தினும் சிறிய இடைவெளியில், வரிசையாய் அடுக்கப்பட்டிருப்பதால் நீலம் மட்டும் கூடி எதிரொளிக்கிறது, கோணம் மாறினால் ஷேடும் மாறும்’ என்று நான் சொன்னபோது, நண்பர் நெடுநேரம் பேசாமலிருந்து, “அப்ப அதைத் துவைச்சா சாயம் போகாதுங்களா?” என்று கேட்டார். போகாதுதான். அவர் முகத்தில் தொழிற்பொறாமை தெரிந்தது.

ஆயினும் நிறமே எல்லாம் என்று எண்ணிவிடலாகாது. யானையின் கண் இருநிறக் கண். அதுவும் அத்தனை கூர்மையன்று. ஆனால் ஆப்பிரிக்க யானைக்கு மணத்தை அறியும் மரபணுக்கள் ஏறக்குறைய 2,000 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதனுக்கு 400-க்குச் சற்றுக் குறையவே. காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசினால், எந்த நிறத்தில் எதை உடுத்தியிருந்தாலும் அதற்கு நாம் வந்த செய்தி போய்விடும். வாத்துக்கோ அசைவே பகை. மல்லார்டு வாத்தின் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருக்கும் விதத்தில், தலையைத் திருப்பாமலே அது தன்னைச் சுற்றிலும் முழு வட்டத்தைக் காண்கிறது. அதற்குப் பின்பக்கம் என்பதே கிடையாது. அத்தகைய பிராணியை நோக்கிக் கரைமேல் நிமிர்ந்து நடந்து போன நான், என் தோல்விக்கெல்லாம் பனியனைக் குற்றம் சொல்வது நியாயமாகாது.

இருந்தாலும் பரீட்சித்துப் பார்க்க வேண்டுமென்று, பல்லடத்துக் காடாத் துணியில், சலவையும் சாயமும் படாமல், பருத்திக்கொட்டையின் கரும்புள்ளி தெரிய, நண்பர் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். மார்கழி மாதத்து விடியலில், சூரியோதயத்துக்கு முக்கால் மணி முன்னதாகவே போய், காற்றுக்கு எதிர்முகமாக, கருவேல மரத்தடியில் இருவரும் குந்தியிருந்தோம். வெளுக்க வெளுக்க, ஊசிவால் வாத்துக்கள் இருபதுக்கு மேல், இதுவரை அவை என்னை நெருங்கவிடாத தூரத்துக்குள், தாமாகவே மிதந்து வந்தன. கிழக்கே பொன்னிறம் இறங்கி, முதல் வாத்தின் கழுத்திலே பட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு விரலைப் பொத்தானில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து என் நண்பர் தம் கன்னத்தில் கடித்த கொசுவை ஓங்கி அடித்தார். அன்றைக்குக் கிடைத்த படத்திலும் வாற்புறந்தான். ஆனால், முன்னவற்றைக் காட்டிலும், மிகப் பக்கத்திலிருந்து.